பிரம்பைத் தடை செய்து 15 வருஷம் தாண்டியாச்சு... அடி நின்னுச்சா?

காலை எட்டே கால். பிள்ளைச்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்கூல் வேனுக்காக ஏழாவது படிக்கும் ஒரு பையனும் அவன் அம்மாவும். வேன் வந்து நின்ற பிறகும் பையன் ஏறவில்லை. "மேத்ஸ் ஹோம்வொர்க் முடிக்கலம்மா. சார் ஸ்கேலைத் திருப்பிப் புடிச்சு அடிப்பாரு" என்றான். அம்மா பையைத் தோளில் மாட்டிவிட்டபடியே, "முடிக்கலன்னா அடிக்கத்தான் செய்வாரு. வாங்கிக்கோ, அப்பத்தான் நாளைக்கு முடிப்ப" என்றார். வேன் கிளம்பியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து வகுப்பறையைத் துடைக்கிறார்கள். கீழே அவருடைய கமென்ட்: "இதுதான் ஒழுக்கம். நம்ம ஊர்ல வாத்தியார் கையில இருந்து பிரம்பைப் புடுங்குனதுதான் எல்லாத்துக்கும் காரணம்." அதற்குப் பத்துப் பதினைந்து கைதட்டல் எமோஜி.

காலையில் பார்த்ததும் ராத்திரி படித்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பிரம்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் அந்தப் பையன் எதற்குப் பயந்தான்? ஜப்பான் பிள்ளைகளுக்கு அந்த ஒழுக்கம் அடியால் வந்ததா, அடி இல்லாமல் வந்ததா? இரண்டு கேள்விக்கும் விடை தேடினால் நமக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைச்சாவடியில் பஸ் ஏறி புதுவை டவுனுக்குப் போனால், நடுவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து கோட்டக்குப்பம் தாண்டி மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். பெட்ரோல் விலையும் மதுக்கடை போர்டும் மாறும். ஆனால் பள்ளியில் அடிப்பது இந்த இரண்டு பக்கத்திலுமே சட்டப்படி தப்பு.

தமிழ்நாடு 2003-லேயே தன் கல்வி விதிகளைத் திருத்தி உடல்ரீதியான தண்டனைக்குத் தடை போட்டது. அதன்பிறகு நாடு முழுவதற்குமாக 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல்ரீதியான தண்டனைக்கோ மனரீதியான துன்புறுத்தலுக்கோ ஆளாக்கக் கூடாது என்று சொல்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை.

"சும்மா முட்டி போட வைக்கிறதும் தண்டனையா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே வழிகாட்டு நெறிமுறை கொடுத்திருக்கிறது. பெஞ்ச் மேல் ஏற்றி நிற்கவைப்பது, முட்டி போடவைப்பது, தலையில் புத்தகப் பையைத் தூக்கி நிற்கச் சொல்வது, சுவரோரம் நாற்காலி போல உட்காரவைப்பது எல்லாம் அதில் உடல் தண்டனைக் கணக்கில்தான் வருகின்றன. அப்பா பார்க்கும் வேலையையோ சாதியையோ சொல்லிக் குத்திக் காட்டுவதும், வகுப்பு முன்னால் அவமானப்படுத்துவதும் மனரீதியான துன்புறுத்தல்.

இந்த நெறிமுறையை நடைமுறைப்படுத்துங்கள் என்று 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டார். தடை வந்து இருபது வருஷம் கழித்தும் ஒரு நீதிமன்றம் இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. தடை எந்த அளவுக்குக் காகிதத்திலேயே நின்றுவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஒரே வேன், வேறு வேறு பாதுகாப்பு

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான். அந்த வேனில் போகும் ஏழாவது படிக்கும் பையனுக்கு 17-ஆவது பிரிவு உண்டு. அதே வேனில் போகும் பத்தாவது படிக்கும் அவன் அக்காவுக்கு, வயது 15 என்றால், இல்லை. பப்ளிக் எக்ஸாம் பிரஷர் உச்சத்தில் இருக்கும் வகுப்புகளில்தான் இந்தப் பாதுகாப்பு கையை விடுகிறது.

அடுத்தது, 2014-இல் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் சொன்ன தீர்ப்பு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது அது. புதுச்சேரி மாதிரி மிஷன் பள்ளிகள் நிறைய இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு இந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறது.

அதற்காக இந்தப் பிள்ளைகளை அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 18 வயது வரை பொருந்தும். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்கினாலோ கொடுமைப்படுத்தினாலோ 3 ஆண்டு வரை சிறை என்கிறது அதன் 75-ஆவது பிரிவு. ஆனால் அது போலீஸ், கேஸ், கோர்ட் என்று போகிற பாதை. ஸ்கேல் அடிக்கு எந்த அம்மா ஸ்டேஷன் படி ஏறுவார்? அங்கேதான் பெரும்பாலான விஷயங்கள் அமுங்கிப் போகின்றன.

"நாங்க அடி வாங்கித்தானே வளர்ந்தோம்?"

நம்ம ஊரில் அடிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் கோதண்டம் என்றொரு தண்டனை. கூரை விட்டத்தில் கயிறு கட்டி, பையனை அதைப் பிடித்துத் தொங்கவிடுவார்கள். பிறகு பிரம்பு வந்தது, ஸ்கேல் வந்தது, டஸ்டர் பறந்தது. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று அட்மிஷன் அன்றைக்கே ஒப்படைத்துவிட்டுப் போகிற அப்பாக்களை நம்மில் பாதிப் பேர் பார்த்திருப்போம். வாத்தியார் மட்டும் அடித்தார் என்பது முழு உண்மை இல்லை. அதற்கு அனுமதிச் சீட்டு வீட்டிலிருந்து போனது.

எனக்கும் நடந்திருக்கிறது. பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் கிரவுண்ட் மணலில் ஒரு பீரியட் முழுக்க முட்டி போட்டிருக்கிறேன். அன்று நான் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொள்ளவில்லை. சார் கேள்வி கேட்கும்போது முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் எப்படி ஒளிவது என்று கற்றுக்கொண்டேன். அது நன்றாகவே வந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் தெரியாததை "தெரியல" என்று சொல்ல இன்றைக்கும் ஒரு நொடி தயங்குகிறேனே, அதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இது என் ஒருத்தன் கதையாக இருந்தால் விட்டுவிடலாம். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குப் போகும் மூன்று குழந்தைகளில் இரண்டு பேர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். யங் லைவ்ஸ் என்ற நீண்டகால ஆய்வு, பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2009-இல் கேட்டபோது, முந்தைய ஒரு வாரத்தில் மட்டும் பள்ளியில் அடி வாங்கியவர்கள் எட்டு வயதுக் குழந்தைகளில் 78 சதவீதம், பதினைந்து வயதினரில் 34 சதவீதம். கை ஓங்கினால் திருப்பிக் கேட்க முடியாத வயதில்தான் அடி அதிகம். ஒழுக்கத்துக்காக அடிக்கிறோம் என்றால், அதிகம் தப்பு செய்கிற வயது எட்டா, பதினைந்தா?

அடி பலன் தருகிறதா என்று உலகம் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். டெக்சாஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல், ஐம்பது வருஷ ஆய்வுகளைத் தொகுத்து, 1.6 லட்சம் குழந்தைகளின் தரவை அலசினார்கள். வீட்டில் பெற்றோர் கையால் அடிப்பதைப் பற்றிய ஆய்வு அது. அதிகம் அடி வாங்கிய பிள்ளைகள் பேச்சைக் கேட்பது கூடவில்லை. முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும்தான் கூடுதலாகத் தெரிந்தன.

சரி, ஜப்பானில் என்ன நடந்தது?

இப்போது சித்தப்பாவின் வீடியோவுக்கு வருவோம். ஜப்பான் பள்ளிகளில் அடிக்கத் தடை வந்தது எப்போது தெரியுமா? 1879. அந்த ஆண்டின் கல்வி ஆணையிலேயே மாணவரை அடிப்பதும் கட்டிப்போடுவதும் கூடாது என்று எழுதிவிட்டார்கள். இப்போதுள்ள பள்ளிக் கல்விச் சட்டம் 1947-இல் வந்தது. ஆசிரியர் கண்டிக்கலாம், ஆனால் உடல் தண்டனை கூடாது என்று அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது.

அப்படியானால் அங்கே அடியே இல்லையா? இருந்தது. நம்மைப் போலவே, சட்டம் ஒரு பக்கம், வகுப்பறை ஒரு பக்கம். 1990-இல் கோபே நகரில், காலையில் லேட்டாக ஓடிவந்த 15 வயது மாணவி ஒருவர், சரியான நேரத்துக்கு ஆசிரியர் இழுத்து மூடிய இரும்பு கேட்டில் நசுங்கி இறந்துபோனார். எட்டரைக்கு கேட்டைச் சாத்தி, லேட்டாக வந்த பிள்ளைகளை ரோட்டில் நிற்கவைக்கும் நம்ம ஊர்ப் பள்ளிகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையான திருப்பம் 2012 டிசம்பரில் வந்தது. ஓசாகாவில் சகுரானோமியா என்ற மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணித் தலைவனான 17 வயது மாணவன், பயிற்சியாளரிடம் திரும்பத் திரும்ப அறை வாங்கிய மறுநாள் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். நாடே அதிர்ந்தது. பயிற்சியாளருக்கு அடுத்த வருஷம் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. அதுவரை அடிக்கு ஓரளவு ஆதரவாகப் பேசிவந்த ஓசாகா மேயர் தோரு ஹாஷிமோட்டோ, தன் எண்ணம் தப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஜப்பான் கல்வி அமைச்சகம் செய்த இரண்டு வேலைகள்தான் நாம் ஷேர் பண்ண வேண்டியவை.

ஒன்று, எண்ணினார்கள். அதற்கு முன்பு வருஷத்துக்குச் சுமார் 400 ஆசிரியர்கள்தான் இந்தக் காரணத்துக்காக நடவடிக்கைக்கு உள்ளானதாகக் கணக்கு இருந்தது. நாடு முழுக்க பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கேட்டு எண்ணியபோது, 2012 கல்வியாண்டில் மட்டும் 6,700-க்கும் மேல் என்று வந்தது. ஒரே வருஷத்தில் அடி பதினைந்து மடங்கு ஏறிவிடவில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் வருஷா வருஷம் எண்ணி வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே வந்தது.

இரண்டு, எழுதிக் கொடுத்தார்கள். 2013 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையில், எது தண்டனை, எது கண்டிப்பு என்று ஆசிரியருக்குப் புரிகிற மாதிரி உதாரணங்களோடு பட்டியல் இருந்தது. வகுப்புக்குள் எழுந்து நிற்கச் சொல்லலாம். கூடுதல் வீட்டுப்பாடம், கூடுதல் துப்புரவு முறை கொடுக்கலாம். ஸ்கூல் விட்டதும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லலாம். பயிற்சிக்கு லேட்டாக வந்தவனை மேட்சில் இறக்காமல் வேடிக்கை பார்க்க வைக்கலாம். ஆனால் வலிக்கிறது என்று சொன்ன பிறகும் மண்டியிட்டு உட்காரவைத்தால் அது உடல் தண்டனை. பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டும் வெளியே விடாவிட்டால் உடல் தண்டனை. சாப்பாட்டு நேரத்திலும் தனி அறையில் அடைத்துவைத்தால் உடல் தண்டனை.

பிறகு பெற்றோர் பக்கமும் வந்தார்கள். வீட்டில் அடிப்பதற்கும் 2020 ஏப்ரலில் தடை வந்தது. பெற்றோருக்கு 'தண்டிக்கும் உரிமை' கொடுத்திருந்த பிரிவை 2022-இல் சிவில் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள். புதுச்சேரியை ஆண்டுவிட்டுப் போன பிரான்சும் 2019-இல் வீட்டு அடிக்கு எதிராகச் சட்டம் போட்டுவிட்டது.

இதனால் ஜப்பான் பள்ளிகள் சொர்க்கமாகிவிடவில்லை. தன் முடி பிறவியிலேயே பழுப்பு என்று சொன்ன ஒரு மாணவியைக் கறுப்புச் சாயம் அடிக்கச் சொல்லி வற்புறுத்திய வழக்கில், 2021-இல் ஓசாகா நீதிமன்றம் அவருக்கு 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உள்ளாடை நிறம் வரைக்கும் விதி வைத்திருந்த தோக்கியோ மாநகர அரசுப் பள்ளிகள், 2022-இல்தான் அதையெல்லாம் கைவிட்டன. 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் 3.46 லட்சம் பிள்ளைகள் நீண்ட நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார்கள். இதெல்லாம் அந்த வீடியோவில் வராது.

துடைப்பம் யார் கையில்?

அந்த வீடியோவில் இருப்பது நிஜம்தான். ஜப்பான் பிள்ளைகள் வகுப்பறையை, வராண்டாவை, பல இடங்களில் கழிவறையைக்கூட முறை வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். ஆனால் அது தண்டனையாக ஆரம்பித்ததில்லை. டைம்டேபிளில் இருக்கிற வேலை. எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள்.

நம்மிடம் துடைப்பத்துக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். எல்லோரும் பெருக்கினால் அது பழக்கம். குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் பெருக்கச் சொன்னால் அது வேறு. ஜப்பான் வீடியோவைப் பார்த்துக் கைதட்டுகிற நம் குரூப்பில், "நம்ம பிள்ளையும் கிளாஸ் டாய்லெட் கழுவட்டும், பக்கத்து பெஞ்ச் பையனோட சேர்ந்து" என்று எத்தனை பேர் சொல்வோம்?

வாத்தியார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது

இதைப் படிக்கும் ஆசிரியர் ஒருவருக்குக் கோபம் வரலாம். "அடிக்காதீங்க, திட்டாதீங்க, முட்டி போட வைக்காதீங்க. சரி, என்னதான் செய்யறது? ஒரு கிளாஸ்ல அம்பது பேர் இருக்காங்க." இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கட்டும், பயன்படுத்த வேண்டியதில்லை, இருப்பதே போதும் என்ற பொருளில் சொன்னார். புகார் வந்ததுமே ஆசிரியரைக் கைது செய்யாமல் முதலில் விசாரியுங்கள் என்றும் சொன்னார். அதில் பின்பாதி எனக்குச் சரி என்றே படுகிறது. முன்பாதியில்தான் உடன்பாடில்லை. பயன்படுத்தாத பிரம்பைப் பார்த்து எத்தனை நாள் பயப்படுவார்கள்? ஒரு நாள் பயன்படுத்த வேண்டி வரும்.

நாம் ஆசிரியரிடமிருந்து பிரம்பை வாங்கினோம். பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், நடுநிலைப் பள்ளியில் 35-க்கு ஒருவர் என்கிறது. அது இருக்கிறதா என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. புதுப் பாடம், புது மொழிச் சுமை, ரிசல்ட் கவலை எல்லாம் ஆசிரியர் தலையில் வந்து உட்கார்ந்தன. ரிசல்ட் கேட்டு மேலிருந்து வரும் அழுத்தம் கடைசியில் இறங்கும் இடம், கடைசி பெஞ்ச் பையனின் உள்ளங்கை.

நாம் என்ன கேட்கலாம்?

என் கோரிக்கை புதுச் சட்டம் இல்லை. ஜப்பான் செய்த அந்த இரண்டு வேலைகள்.

முதலாவது, புதுச்சேரி பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாட்டுத் துறையும் வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளிடம், பெயர் எழுதாத தாளில், "இந்த வருஷம் அடி வாங்கினாயா?" என்று கேட்டு, வந்த எண்ணை வெளியிடட்டும். தனியார் பள்ளியையும் சேர்த்து. தமிழ்நாட்டில் 'மாணவர் மனசு' பெட்டிகள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். பெட்டி வைப்பதோடு நிற்காமல் அதில் விழுவதை எண்ணிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பள்ளியும் ஒரே ஒரு பக்கத்தில், ஹோம்வொர்க் செய்யாவிட்டால் என்ன, லேட்டாக வந்தால் என்ன, சண்டை போட்டால் என்ன என்று எழுதி எல்லோர் கையிலும் கொடுக்கட்டும். கூடாதவை மட்டும் போதாது, ஆசிரியர் செய்யக்கூடியவையும் அதில் இருக்க வேண்டும். அது ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

பெற்றோர் கையிலும் வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் வரும் பள்ளி என்றால் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417-உம் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "நல்லா அடிங்க சார்" என்று கொடுத்த அனுமதியை நாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மார்க் ஷீட்டில் கையெழுத்து போட்டதும், "ஹோம்வொர்க் முடிக்கலன்னா நீங்க என்ன செய்வீங்க மிஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள்.

அந்த அம்மாவை மறுபடி பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் நானும் சும்மா சிரித்துவிட்டு வரப்போவதில்லை. அந்தக் கணக்கு ஏன் அவனுக்கு முடியவில்லை என்று கேட்கப் போகிறேன். ஸ்கேலைத் திருப்பிப் பிடிக்கும் சாரிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.